நாற்பத்தொரு தலைவருக்கு ஒரு தொண்டர்

தலைவராக விரும்புவோர் கையுயர்த்தலாம் என்று தாளாளர் அறிவித்தபொழுது, பத்தாம் வகுப்பு மாணவி ஷைமாவின் இரு கைகளும் வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்தன.

அவள் மேடைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தாள். மதுரைச் சிம்மக்கல்லின் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்புறச் சந்தொன்றில் நிமிர்ந்து நிற்கும் பேரறிவுச் சோலை மெட்ரிக் மேனிலைப் பள்ளியில், ஒலிபெருக்கிப் பெட்டிக்கென்று ஒரு சுபாவம் உண்டு. மைக்கிலிருந்து வரும் வயரை அதன் துளைக்குள் ஒருவர் விடாமல் அழுத்திப் பிடித்திருந்தால் மட்டுமே அது பேசும். பிடி தளர்ந்தால், மேடையிலிருப்பவர் வாயசைப்பது தெரியுமேயன்றி வேறொன்றும் கேளாது. விழா நாள்களில் வயர் பிடிக்கும் அப்பணி, எவரும் சொல்லாமலே ஷைமாவிடம் வந்து சேர்ந்துவிடுவது வழக்கம்.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் தாளாளர் முத்திருளன். 'கல்விக் காவலர்' என்னும் பட்டம் பெற்றவர். பட்டம் வழங்கிய சங்கத்துக்கும் அவரே தலைவராதலின், தக்காரைத் தேடி எவரும் அலைய நேரவில்லை.

"நாட்டில் இப்பொழுது என்ன பஞ்சம்? அரிசிப் பஞ்சமில்லை. தண்ணீர்ப் பஞ்சம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. தலைவர் பஞ்சம். அதைப் போக்கவே நம் பள்ளி, 'இளந்தலைவர் மற்றும் சமுதாயத் தொண்டு வாய்ப்புத் திட்டம்' கொண்டு வருகிறது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வாழ்நாளில் நான் ஒரு செங்கல்லைத் தூக்கியதில்லை. ஆயினும் இந்த நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறதா, இல்லையா? இதற்குப் பெயர்தான் தலைமை."

கட்டடம் நிற்பதை எவராலும் மறுக்க இயலாமையால் பலத்த கரவொலி எழுந்தது. தாளாளர் தொடர்ந்தார். திட்டத்தை நிறைவேற்றும் ஒவ்வொரு தலைவருக்கும் சான்றிதழ் அளிக்கப்படும். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் இடம், அச்சான்றிதழ் உடையவர்களுக்கே. இதைக் கேட்டதும் அரங்கிலிருந்த நாற்பத்தொரு மாணவர்களின் கைகளும் ஒருசேர உயர்ந்தன. சிலர் ஐயத்திற்கு இடமின்றி இரண்டு கைகளையும் உயர்த்தினர்.

அவ்வமயம் முதல்வர் சுபலட்சுமி அம்மையார்க்கு ஒரு சிக்கல் புலப்பட்டது. அம்மையார் தமிழை முறையாகப் பயின்றவர். தலைமை செய்பவர் தலைவர். தொண்டு செய்பவர் தொண்டர். திட்டத்தின் பெயரிலோ இரண்டும் இருக்கின்றன. தலைவர்களே தொண்டும் செய்வார்களெனின் அவர்கள் தொண்டராகிவிடுவர். தொண்டராகிவிட்டவர்க்குத் தலைவர்க்குரிய சான்றிதழை எங்ஙனம் வழங்குவது? சொல்லிலக்கணம் இடந்தரவில்லை. அம்மையார் எழுந்து தாளாளரின் செவியில் இதை ஓதினார்.

"கையுயர்த்தாதவர் எவரேனும் உளரா?" என்று தாளாளர் வினவினார். வினவியது எவர்க்கும் கேட்கவில்லை. விரல்கள் மரத்துப்போன ஷைமா அப்பொழுதுதான் பிடியை மாற்ற முயன்றுகொண்டிருந்தாள். கேளாத குரலின் காரணத்தை ஆராயச் சென்ற உடற்பயிற்சி ஆசிரியர், அவளையும் வயரையும் ஒன்றாகக் கண்டுபிடித்து மேடைக்கு அழைத்து வந்தார்.

"நீ ஏம்மா கை தூக்கல?" என்றார் முதல்வர்.

"வயரப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன் மிஸ். அதான் தூக்க முடியல."

"பாத்தீங்களா சார், இதுதான் தொண்டு. இந்தப் பொண்ணுகிட்ட தானாவே இருக்கு."

"அப்ப எனக்கும் சான்றிதழ் உண்டுல்ல மிஸ்?"

"தொண்டு செய்றவங்க பலன் எதிர்பாக்கக் கூடாதும்மா" என்று அம்மையார் கனிவோடு அவள் தலையை வருடினார். புகைப்படம் எடுக்கப்பட்டது.

மாலையில் ஷைமா, சிம்மக்கல்லில் தந்தை நடத்திவந்த கயிறு, தார்ப்பாய்க் கடைக்குச் சென்று செய்தியைக் கூறினாள். ஷேக் தாவூது வடக்கயிறு ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தா, என்னையத் தொண்டராப் போட்டுட்டாக."

"எந்தக் கட்சிக்கு?"

"கட்சியெல்லாம் இல்லத்தா. பள்ளிக்கூடத்துல."

"தொண்டருன்னா வெயில்ல நிக்கணும், கொடி பிடிக்கணும், கடைசியில பிரியாணிப் பொட்டலம் குடுத்தா வாங்கிக்கிறணும். பொட்டலம் உண்டான்னு கேட்டியா?"

"கைதட்டு மட்டுந்தானாம்."

"அப்பக் கட்சியே தேவலயே" என்றார் ஷேக் தாவூது. பிறகுதான் உயிரியல் பிரிவு பற்றிய செய்தி வந்தது. அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

மகள் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டுமென்பது அவ்வீட்டில் என்றோ முடிவாகிவிட்ட ஒன்று. பேரையூரில் அவளுடைய சின்னம்மாவுக்கு ஓர் ஆட்டுக்கிடை உண்டு. விடுமுறைதோறும் அங்குச் செல்லும் ஷைமா, ஆட்டின் காதைத் தொட்டே காய்ச்சலைச் சொல்லிவிடுவாள். உயிரியல் பிரிவு கிட்டாவிடின் அக்கனவு அப்படியே நின்றுபோகும்.

"வெசனப்படாத. அம்புட்டுப் பேரும் தலைவரானா யாருக்குத்தான் குடுப்பாக? மார்க்கப் பாத்துதான் குடுப்பாக" என்று அவர் மகளைத் தேற்றினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே அது நடக்கவில்லை.

திட்டம் முறைப்படி தொடங்கிற்று. நாற்பத்தொருவர்க்கும் பதவிகள் வேண்டுமல்லவா? முதல்வர் அறையில் ஒரு வாரம் ஆய்ந்து பதவிகள் ஆக்கப்பெற்றன. தூய்மைத் தலைவர் கிழக்கு, தூய்மைத் தலைவர் மேற்கு, மரக்கன்றுத் தலைவர், குழித் தலைவர், மின்விசிறிச் சிக்கனத் தலைவர், கால்நடைக் கருணைத் தலைவர் எனத் தொடங்கிக் கரவொலித் தலைவர் ஈறாக அவை விரிந்தன. ஒவ்வொருவர்க்கும் மார்பின் குறுக்கே அணியப் பட்டுப்பட்டையும், தத்தம் முகம் பொறித்த பிளக்ஸ் தட்டியும் அளிக்கப்பட்டன. தொண்டர்க்கு ஒரு துடைப்பம் அளிக்கப்பட்டது.

முதற் சனிக்கிழமை வைகைக் கரையில் தூய்மைப் பணி. தூய்மைத் தலைவர் கிழக்கு பால்பாண்டி, தன் தட்டியின் கீழ் நின்று தொடங்கி வைத்தான். ஷைமா குப்பையை அள்ளிச் சாக்கில் நிறைத்தாள். புகைப்படம் எடுத்தாயிற்று. அடுத்துத் தூய்மைத் தலைவர் மேற்கு வந்து நின்றான். அவனுக்கோ அள்ளுவதற்குக் குப்பையில்லை.

"என்ன மிஸ், எம்பங்குக் குப்பையையும் அவனே எடுத்துட்டான்" என்று அவன் முறையிட்டான்.

நடுநிலை தவறாத முதல்வர், சாக்கிலுள்ளதை முன்பிருந்த இடத்திலேயே கொட்டுமாறு பணித்தார். ஷைமா கொட்டினாள், மீண்டும் அள்ளினாள். அவனையடுத்து நெகிழி ஒழிப்புத் தலைவர், அவரையடுத்து ஆற்றுப் பாதுகாப்புத் தலைவர் என வரிசை நீண்டது. கரையோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் அருகில் வந்தார்.

"ஏந்தங்கச்சி, நீ அள்ளுறியா, கொட்டுறியா? நானும் ரெண்டு டீ குடிச்சுட்டேன், ஒண்ணும் வெளங்கல."

"ரெண்டுந்தாண்ணே. அடுத்த தலைவருக்கு வேணுமாம்."

"எம்புட்டுத் தலைவரு இருக்காக?"

ஷைமா வரிசையைக் காட்டினாள். ஓட்டுநர் அதை நெடுநேரம் நோக்கினார்.

"நாட்டுல நடக்குறததான் சொல்லித் தாராக போல" என்று கூறி அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தலைவர்கள் பெருகத் தொண்டருக்கான தேவையும் பெருகியது. ஒரே வேளையில் மூன்று தலைவர்களுக்குத் தொண்டர் தேவைப்பட்டமையால் வகுப்பறை வாயிலில் கைகலப்பு நேர்ந்தது.

"டேய் மாப்ள, நேத்தும் நீதான வச்சிருந்த? இன்னைக்கு எனக்கு விடுறா" என்று ஒருவன் ஷைமாவின் துடைப்பத்தைப் பற்றியிழுத்தான்.

"எனக்கு இன்னும் போட்டோ எடுக்கலடா" என்று மற்றவன் மறுமுனையை விடவில்லை.

இப்பூசலைத் தீர்க்கும்பொருட்டுத் தொண்டர் ஒதுக்கீட்டுத் தலைவர் என்றொரு பதவி உண்டாக்கப்பட்டு, பால்பாண்டிக்குக் கூடுதல் பொறுப்பாக அளிக்கப்பட்டது. தொண்டர் களைத்துவிடலாகாது என்னும் கருணையினால் தொண்டர் நலத் தலைவர் என்றொரு பதவியும் தோன்றிற்று. நலத் தலைவன் நாள்தோறும் நண்பகலில் ஷைமாவிடம், "சாப்டியா?" என்று கேட்பான். அவனுடைய சாப்பாட்டுக் கூடையைப் பள்ளி வாயிலிலிருந்து மூன்றாம் மாடிக்குச் சுமந்து வருபவள் அவளேயாதலின், அவனைத் தேடிச் செல்லும் தொல்லை அவளுக்கு இருந்ததில்லை.

திட்டத்தின் சிகரமென முதல்வர் வருணித்த நிகழ்ச்சி கீழக்குயில்குடியில் நடைபெற்றது. கால்நடைக் கருணைத் தலைவி தாமரைச்செல்வியின் பெயரால், 'கால்நடைக்கும் கண்ணியம்' என்னும் தலைப்பில், ஊர் ஆடொன்றுக்குப் பொன்னாடை அணிவிப்பதாக ஏற்பாடு. சமணர் மலையடிவாரத்தில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் உரிமையாளர் முத்துத்தாய் என்னும் பெண்மணிக்கு இது விளங்கவேயில்லை.

"எங்க ஆட்டுக்கு எதுக்கும்மா துண்டு போத்துறீக? அது என்ன, பெருசா தேர்தல்லயா செயிச்சிருச்சு?"

"மரியாதைம்மா" என்றார் முதல்வர்.

"போன மாசம் நாலு கெடாயி கழிச்சல்ல கெடந்துச்சுக. அப்ப ஒரு ஊசி போட ஆளக் காணோம். அந்த மரியாதைய அப்பவே வந்து செஞ்சிருக்கலாம்ல?"

"அதுக்குன்னு தனித் தலைவர் இன்னும் போடலம்மா" என்று முதல்வர் பதிலளித்தார்.

இங்கே பொன்னாடையைப் பற்றி ஒரு சொல். பள்ளியின் உடைமையாக இருந்தது ஒரே பொன்னாடை. எத்தனையோ பெருமக்களின் தோள்களை அது அலங்கரித்திருக்கிறது. எவர் வீட்டுக்கும் சென்றதில்லை. விருந்தினர் காரில் ஏறும்பொழுது, மடித்து வைத்துத் தருகிறேன் என்று பணிவோடு வாங்கிக்கொள்ள ஓர் ஊழியர் இருந்தார். ஆட்டிடம் அந்த நடைமுறை எடுபடவில்லை.

"வாயில்லாச் சீவன்களாகிய இவற்றின்பால் நாம் காட்டும் கருணை" என்று தாமரைச்செல்வி பேசத் தொடங்கிய அதே கணத்தில், அச்சீவன் தனக்கு வாய் உண்டென்பதை நிறுவத் தொடங்கிற்று. பேச்சு இரண்டாம் பத்தியை அடைவதற்குள் பொன்னாடையின் முந்தி முழுவதும் உள்ளே போய்விட்டது. சரிகை தொண்டையில் சிக்கிக்கொள்ள, ஆடு கண்கள் பிதுங்க இருமிற்று.

"பொன்னாடை, பொன்னாடை" என்று முதல்வர் பதறினார். "ஆடு, ஆடு" என்று முத்துத்தாய் பதறினார். உடற்பயிற்சி ஆசிரியர் பொன்னாடையின் மறுமுனையைப் பற்றி ஓங்கி இழுக்க முற்பட்டார்.

"இழுக்காதீக சார். தொண்டை கிழிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே ஷைமா துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடினாள். ஆட்டைத் தன் முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, கடைவாயில் பல்லில்லாத இடத்தில் கட்டைவிரலைக் கொடுத்து வாயைத் திறந்து, சரிகையைச் சிறிது சிறிதாக, ஆடு மூச்சு விடும்பொழுதெல்லாம் நிறுத்தி நிறுத்தி வெளியே எடுத்தாள். ஆடு இருமுறை தும்மியது. பிறகு கூடியிருந்தோர் அனைவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நிகழ்ச்சி முடிந்துவிட்டதெனக் கருதி மலைப்பக்கம் நடந்தது.

"நல்லாருப்ப தாயி. யாரு பெத்த புள்ளையோ" என்று முத்துத்தாய் ஷைமாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

அன்றைய புகைப்படங்களில், ஷைமாவின் முதுகுக்குப் பின்னால் தாமரைச்செல்வி உரையாற்றுவது நன்கு பதிவாகியிருந்தது.

அரையாண்டு விடுமுறைக்கு முன் மதிப்பீடு வெளியாயிற்று. தலைவர் அனைவரும் தேர்ச்சி. ஷைமாவைப் பற்றிய குறிப்பைக் கேட்டறிய ஷேக் தாவூது பள்ளிக்கு வந்தார். தாளாளரும் உடனிருக்க, முதல்வர் வாசித்தார்.

"தலைமைப் பண்பு வெளிப்படவில்லை. எப்பணியையும் பிறரிடம் ஒப்படைக்கும் ஆற்றல் இல்லை. கால்நடைக் கருணைத் தலைவரின் ஆணையைப் பெறாமலே ஆட்டின் வாயில் கை வைத்தார்."

"ஆடு செத்துப் போயிருக்குமே மிஸ்" என்றாள் ஷைமா.

"அதைத் தலைவருக்கு எழுத்து மூலமாத் தெரிவிச்சிருக்கலாமே."

ஷேக் தாவூது சற்று நேரம் தாளாளரின் பின்னால் மாட்டப்பட்டிருந்த தாளாளர் படத்தை உற்று நோக்கினார்.

"அப்ப எம்மகளுக்கு பயாலஜி குரூப்பு இல்ல. சரிங்க. பரீச்சை முடிஞ்சதும் டீசியக் குடுத்துருங்க. கார்ப்பரேசன் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிர்றேன். அங்க மார்க்க மட்டுந்தான் பாப்பாகளாம்."

"மார்க்கை மட்டுமா?" என்று முதல்வர் திகைத்தார்.

"ஆமாங்க. இனிமே சனிக்கெழம வேலைக்கும் அவ வரமாட்டா."

அடுத்த மாதம் நிறைவு விழா. 'அனைத்துலகத் தலைமைப் பேரவை' என்னும் அமைப்பின் மதுரைக் கிளையினர், 'தலைசிறந்த தலைமைப் பள்ளி' என்னும் விருதோடு வரவிருந்தனர். தலைவர்கள் நாற்பத்தொருவரும் ஆயத்தமாக இருந்தனர். தொண்டர் இல்லையேல் அவர்கள் எவருக்குத் தலைவர்கள் என்று பேரவையினர் கேட்டுவிட்டால் என் செய்வது?

"விதியை மாற்ற இயலாது. தலைவருக்கே சான்றிதழ்" என்றார் தாளாளர். அவர் நாற்காலியில் அமர்ந்தும் மேடைத்தமிழே பேசுபவர். "ஆனால் பதவியை ஆக்க இயலும். ஷைமாவை இன்று முதல் தொண்டர் அணித் தலைவராக நியமிக்கிறேன். சான்றிதழ் உண்டு, உயிரியல் பிரிவும் உண்டு."

ஷைமா தந்தையைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"அணியில யாரு யாரு சார் இருக்காக?"

"நீதான்."

"தலைவரு?"

"அதுவும் நீதான்."

"அப்ப மத்த தலைவருங்க தொண்டர்கிட்ட வேலை சொன்னா?"

"கூடாது. அணித் தலைவர் ஒருவர் இருக்கையில் தொண்டரிடம் நேரே பணி சொல்வது முறைகேடு. அனைத்தும் அவர் வழியாகவே செல்லுதல் வேண்டும். தலைமைக்கு ஓர் ஒழுங்கு உண்டு அல்லவா?"

"அதுக்கில்லீங்க, புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லேன்னா லீவு யார்கிட்டக் கேக்குறது?" என்றார் ஷேக் தாவூது.

"அணித் தலைவரிடம்தான்" என்று தாளாளர் எழுந்து கைகுலுக்கினார்.

இத்தனை மாதங்களில் திட்டத்தின் விதியொன்று ஷைமாவுக்குத் தெளிவாக விளங்கியது அதுவே முதன்முறை.

நிறைவு விழா, பேரையூர் செல்லும் சாலையோரமாக ஒரு கண்மாய்க் கரையில் நடந்தது. கரை நெடுக மரக்கன்று நடுவதாகத் திட்டம். கன்றுகள் பைகளில் வந்திருந்தன, கடப்பாரைகளும் மண்வெட்டிகளும் வந்திருந்தன, குழிகள் வரவில்லை. காலை முதல் ஷைமா நாற்காலிகளைச் சுமந்து பரப்பி, தட்டிகளைக் கட்டி, தண்ணீர்க் குடங்களை நிரப்பியிருந்தாள். வெயில் ஏறிவிட்டது. பேரவைத் தலைவர் தாமதமாக வந்தார். வேறோர் ஊரில் வேறொரு விருது காத்திருந்தமையால் விரைவாகப் பேசினார்.

"நான் இதுவரை முந்நூறு பள்ளிகளில் மரம் நட்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்றையும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. ஏனெனில் தலைவன் என்பவன் முன்னோக்கியே செல்பவன்."

கரவொலித் தலைவர் சைகை காட்ட, கரவொலி எழுந்தது. அவர் புறப்படவேண்டியிருந்தமையால், மரம் நடுவதற்கு முன்னரே சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. தொண்டர் அணித் தலைவர் ஷைமாவும் மேடையேறிப் பெற்றுக்கொண்டாள். அதில் தாளாளரின் கையெழுத்தும் பள்ளியின் முத்திரையும் சரியாக இருக்கின்றனவா என்று அவள் இருமுறை பார்த்து, அதைப் பையின் அடியில், அறிவியல் புத்தகத்திற்குள் வைத்தாள்.

விருந்தினரின் கார் புழுதி கிளப்பி மறைந்தபின், இனித் தொண்டு தொடங்கலாம் என்று முதல்வர் அறிவித்தார். ஆணை முறைப்படி இறங்கிற்று. முதல்வர் மரக்கன்றுத் தலைவரிடம் கூறினார். அவன் குழித் தலைவரிடம் கூறினான். குழித் தலைவன் ஒதுக்கீட்டுத் தலைவர் பால்பாண்டியிடம் கூற, பால்பாண்டி பட்டையைச் சரிசெய்துகொண்டு ஷைமாவிடம் வந்தான்.

"அணித் தலைவர் அவர்களே, தொண்டரைக் குழி தோண்டச் சொல்லுங்க."

ஷைமா சிறிது நேரம் சிந்தித்தாள். தொண்டர் விடிந்ததிலிருந்து ஓயவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் கண்டிருந்தது. தொண்டரைத் தனியே கேட்டபொழுது, ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் நலமென்று அவரும் கருதுவது தெரிந்தது. கோரிக்கையில் நியாயம் இருப்பதாக அணித் தலைவர்க்குப் பட்டது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

குழிகள் தொடங்காமை கண்டு முதல்வர் விரைந்து வந்தார்.

"ஷைமா, தொண்டர் எங்கம்மா?"

"லீவு மிஸ்."

"யாரு குடுத்தா?"

"அணித் தலைவர்தான் மிஸ்."

முதல்வர் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் தாம் வகுத்த விதியில் நுழைய வழி தேடினார். கிட்டவில்லை. அம்மையார் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அணித் தலைவர் எங்க?"

"நாந்தான் மிஸ், ஒங்க முன்னாடி நிக்கிறேன். தொண்டர்கிட்ட என்ன சொல்லணும்னாலும் என்கிட்டச் சொல்லுங்க. திங்கக்கெழம அவ வந்ததும் சொல்லிர்றேன்."

நாற்பத்தொரு தலைவர்களும் கடப்பாரைகளைப் பார்த்தனர். பிறகு ஒருவரையொருவர் பார்த்தனர். தாமரைச்செல்வி மெல்லக் குனிந்து ஒரு மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்து, அதன் கனத்தில் வியப்படைந்து, மீண்டும் தரையில் வைத்தாள்.

ஷைமா சாலைக்கு வந்து கைகாட்டினாள். சின்னம்மாவின் ஊருக்குச் செல்லும் பேரையூர்ப் பேருந்து நின்றது. சன்னலோர இருக்கையில் அணித் தலைவரும் தொண்டரும் அமர்ந்தனர். நடத்துநர் ஒரே ஒரு பயணச்சீட்டைத்தான் கிழித்துக் கொடுத்தார்.